கட்டாந்தரையில் ஒரு காடு

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பாகத்தில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடரின் நடுவே, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் நிலக்கரிப் பிரதேசத்தில் பிரயாணம் செய்கிறவர்கள், நாலாபுறமும் காடு அடர்ந்த மலைகளுக்கு மத்தியில், ஒரு மலையின் சிகரம் மட்டும் கத்தியால் சீவி எடுத்தாற்போல் சமதளமாகி, அதன்மேல் இடுப்பளவு புல் வளர்ந்து காற்றில் அலைவதைக் காண்பார்கள். தோண்டிய குழியும் இல்லை, கரிப் புழுதியும் இல்லை. சுரங்கம் போட்ட இடத்தை இவ்வளவு லக்ஷணமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று மனம் திருப்திகூட அடையும். ஆனால் அந்தப் புல்லை விலக்கி, ஒரு மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினால், அது இரண்டு விரற்கடைக்குமேல் இறங்காமல் 'ணங்' என்று கைக்கே திரும்பி வரும். சுரங்கம் மூடி இருபது வருஷம் ஆகியிருக்கும். பக்கத்துக் காட்டிலிருந்து ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் காற்று விதைகளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். அப்படியும் மரம் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே தலை நிமிர்ந்திராது.

இந்தப் பச்சைக் கட்டாந்தரை எப்படி உண்டாயிற்று, அதை மறுபடியும் காடாக்க என்ன செய்கிறார்கள் என்பதே இங்கே நாம் பார்க்கப்போகும் விஷயம். அதிலுள்ள விசேஷம் என்னவென்றால், நிலத்தைக் கெடுத்தது பேராசை மாத்திரம் அன்று. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு இயற்றிய ஒரு சட்டத்துக்கும், அந்தச் சட்டத்தைச் சிரத்தையோடு நிறைவேற்றிய உத்தியோகஸ்தர்களின் உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த மலைகளில் முன்பு இருந்த வனம் சாமானியமானதன்று. குளிர்காலமும் கோடையும் மாறி மாறி வரும் சமசீதோஷ்ண நாடுகளில், ஓக், ஹிக்கரி, மேப்பிள், துலிப் பாப்லர், கறுப்பு வால்நட், காட்டுச் செர்ரி என்று இத்தனை ஜாதி விருட்சங்கள் கலந்து வளரும் காடுகள் மிகச் சிலவே. அந்த வேர்களுக்குக் கீழே, பாறை அடுக்குகளுக்கு இடையில், பலகாரத்தில் பூரணம் வைத்தாற்போல் நிலக்கரிப் படலங்கள் பதிந்து கிடக்கின்றன. பூமிக்குள் குடைந்து சென்று கரி எடுத்த காலம் போய், வெடி வைத்து மேலேயுள்ள பாறையைப் பிளந்து, ராட்சத யந்திரங்களால் அதை வாரி அப்பால் போட்டுவிட்டுக் கரியை எடுக்கும் திறந்தவெளிச் சுரங்க முறை வந்தபோது, வாரிய பாறையும் மண்ணும் மலைச்சரிவில் அப்படியே தள்ளிவிடப்பட்டன. மழை பெய்தால் அவை சரிந்தன, ஓடைகள் தூர்ந்தன. கரியோடு சேர்ந்திருக்கும் கந்தகமும் இரும்பும் கலந்த தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாற, ஓடைத் தண்ணீர் துருவின் நிறம் பெற்று, மீன் வாழத் தகுதியற்றதாயிற்று. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிலக்கரிக் கழிவைக் கொட்டியே கட்டியிருந்த ஓர் அணை உடைந்து, 125 பேர் மாண்டார்கள். நாலாயிரம் பேருக்குமேல் வீடிழந்தார்கள். கரிச் சுரங்கக்காரர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்ற ஜனங்களின் குரலுக்கு இந்தத் துயரம் பெரும் வலுவைத் தந்தது. ஜனாதிபதி ஃபோர்டு இரண்டு முறை அத்தகைய மசோதாவை நிராகரித்தார். பின்னர் ஜனாதிபதி கார்ட்டர் 1977 ஆகஸ்டு 3-ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். கரி எடுத்தபின் மலையை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும், சரிவுகள் நிலைத்து நிற்க வேண்டும், மண் அரித்து ஓடைக்குப் போகக்கூடாது, இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே ஜாமீன் தொகை கட்டி, நிலம் தேறியபிறகே அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அது விதித்தது. பழைய சுரங்கங்களின் காயங்களை ஆற்றுவதற்காக, வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு வரியும் வாங்கியது. நிலச்சரிவுகள் குறைந்தன. மலையடிவாரத்தில் குடியிருந்தவர்கள் மழை இரவுகளில் பயமின்றித் தூங்கலானார்கள் என்றால், அதற்கு இந்தச் சட்டமே காரணம்.

தீங்கு வேறு வழியாக வந்தது. சரிவு நிலைத்து நிற்க வேண்டுமானால் மண்ணை அழுத்த வேண்டும் என்று எல்லோரும் எண்ணினார்கள். கம்பெனிக்காரர்கள், ஆய்வாளர் வந்து பார்க்கும்போது குற்றம் சொல்ல இடமில்லாதபடி, பல டன் கனமுள்ள புல்டோசர்களை முன்னும் பின்னுமாக ஓட்டி, நிலத்தை மேஜைப்பலகைபோல் வழவழப்பாக்கினார்கள். மேடுபள்ளமில்லாத நிலமே ஒழுங்கான நிலம் என்பது அதிகாரிகளின் கண்ணுக்கும் பழகிப்போயிற்று. அதன்மேல், சில வாரங்களுக்குள் தரையை மூடிவிடும் முரட்டுப் புல்வகைகளை விதைத்தார்கள். ஐந்து வருஷ காலம் அந்தப் பசுமை நிலைத்திருந்தால் ஜாமீன் தொகை கைக்கு வந்துவிடும். மேய்ச்சல் நிலம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். மாடு மேய்க்க அந்த மலையுச்சிக்கு யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம். இவ்விதம் அப்பலாச்சியப் பிரதேசத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சுரங்கத்துக்கு உட்பட்டு, அதில் பெரும்பகுதி காடாகத் திரும்பாமலே நின்றுவிட்டது.

மண் இறுகினால் மரத்துக்கு என்ன கேடு என்பதைச் சற்று விளக்க வேண்டும். நல்ல காட்டு மண்ணை ஒரு கைப்பிடி எடுத்தால், அதன் கன அளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம்தான். மணல், களிமண் துகள்களுக்கு நடுவேயுள்ள அந்தச் சந்துகளில்தான் தண்ணீரும் காற்றும் தங்குகின்றன. இலைகள் மட்டுமே சுவாசிக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். வேர்களுக்கும் பிராணவாயு வேண்டும். புல்டோசரின் சங்கிலிச் சக்கரங்கள் நாலைந்து முறை ஏறி இறங்கியதும் அந்தச் சந்துகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. அதன்பின் மாரியில் நீர் கீழே இறங்காமல் மேலேயே நின்று வேரை அழுகச் செய்யும். கோடையில் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போக முடியாமல் வறளும். இத்தகைய நிலத்தில் நட்டுப் பத்து வருஷமான ஓக் கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், அதன் வேர், சிறிய தொட்டியில் வெகுநாள் வைத்திருந்த செடியின் வேரைப்போல, நட்ட குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிச்சாகியிருக்கும். மரமோ ஆளின் முழங்கால் உயரத்துக்குமேல் வந்திராது. போதாக்குறைக்கு, அடர்ந்த புல் வெயிலையும் தண்ணீரையும் பறித்துக்கொள்ளும். அந்தப் புல்லுக்குள் ஒளிந்து வாழும் வயலெலிகள் கன்றின் பட்டையைச் சுற்றிக் கடித்துத் தீர்த்துவிடும்.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று நம் குடியானவர்கள் சொல்வார்கள். மண் பொலபொலவென்று இருந்தால்தான் பயிர் பிழைக்கும் என்பது, ஏர் பிடித்த எவருக்கும் புத்தகம் படிக்காமலே தெரிந்த சங்கதி. அப்படியிருக்க, அமெரிக்கா போன்ற ஒரு தேசத்தில் இது இருபது வருஷம் எப்படி மறந்துபோயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. விடை எளிது: சுரங்க நிலத்தை மேற்பார்த்தவர்கள் அணையும் சாலையும் போடக் கற்ற பொறியியல் நிபுணர்கள். அவர்கள் கல்வியில், இறுகிய மண்ணே நல்ல மண்.

உண்மையை நினைவூட்டியவை பழைய, அலங்கோலமான நிலங்கள். 1977-க்கு முன், சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இல்லாத நாளில், சுரங்கக்காரர்கள் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போன மண்மேடுகளில், அங்கங்கே வனத்துறையினரும் பள்ளிக்கூடச் சிறுவர்களும் கன்றுகளை நட்டிருந்தார்கள். பார்க்க விகாரமான அந்த மேடுகளை யாரும் மதிக்கவில்லை. வர்ஜீனியா டெக் சர்வகலாசாலையில் வனசாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பர்கரும் அவருடைய மாணவர்களும், பவல் நதித் திட்டம் என்ற பெயரில் 1980-ல் தொடங்கிய சுரங்க நில ஆராய்ச்சியின் வழியே, இப்படிப்பட்ட பழைய நிலங்களில் மரங்களை அளந்து பார்த்தபோது, அவற்றுள் பல, சுரங்கமே படாத அண்டைக் காடுகளுக்குச் சமமாக வளர்ந்திருக்கக் கண்டார்கள். சட்டத்துக்கு முன் ஏனோதானோவென்று விட்ட நிலத்தில் காடு. சட்டத்துக்குப் பின் ஒழுங்காகச் சீர்செய்த நிலத்தில் புல். இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

கென்டக்கி சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனால்டு கிரேவ்ஸ் முதலியோர் இதைப் பரிசோதனையாகவே நடத்திப் பார்த்தார்கள். கிழக்குக் கென்டக்கியில் ஸ்டார்ஃபயர் என்ற சுரங்கத்தில், 1996-97-ஆம் ஆண்டுகளில், சில பாத்திகளை வழக்கம்போல் அழுத்திச் சமப்படுத்தினார்கள். சில பாத்திகளில் லாரிகள் மண்ணைக் கொட்டியதோடு விட்டுவிட்டார்கள். இன்னும் சிலவற்றில் குவியல்களின் தலையை மட்டும் ஒரே ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டார்கள். ஒரே ஜாதிக் கன்றுகளைத்தான் எல்லாவற்றிலும் நட்டார்கள். அழுத்திய பாத்திகளில் கன்றுகள் மடிந்தும் குறுகியும் போக, தொடாமல் விட்ட பாத்திகளில் அவை செழித்து எழுந்தன.

மண்ணின் இறுக்கம் ஒருபுறமிருக்க, எந்த மண்ணை மேலே போடுவது என்பது இன்னொரு கேள்வி. மலையின் மேல்பாகத்தில், மழையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாக வேலை செய்து பதப்படுத்திய பழுப்பு நிற மணற்பாறை இருக்கிறது. ஆழத்தில், காற்றையே அறியாத சாம்பல் நிறப் பாறை இருக்கிறது. வெடித்து நொறுக்கினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் பழுப்புப் பாறையின் தூள் காட்டு மரங்கள் விரும்பும் இளம் புளிப்புத் தன்மை உடையது. சாம்பல் பாறையோ உவர் மிகுந்து காரத் தன்மை கொண்டது. கென்டக்கியின் பைக் கௌண்டியில் பென்ட் மவுண்டன் என்ற இடத்தில் 2005-ல் இரண்டிலும் கன்றுகளை நட்டு ஒப்பிட்டார்கள். பழுப்பு மண்ணில் மரங்கள் கிளைகோத்து நிழல் விழ, பக்கத்துச் சாம்பல் பாத்தியில் கற்களே கண்ணில் பட்டன. பழுப்பு மண்ணிலே, நடாத செடிகளும் காற்றிலும் பறவை வழியாகவும் தாமாக வந்து குடியேறின.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, மத்திய அரசின் சுரங்க நில அலுவலகமும் அப்பலாச்சியாவின் ஏழு மாநிலங்களும் 2004-ல் 'அப்பலாச்சியப் பிரதேச மறுவனமாக்கல் முயற்சி' என்ற இயக்கத்தைத் தோற்றுவித்தன. அது சொல்வது மிகவும் சுருக்கமானது. கிடைக்கிற மண்ணில் சிறந்ததை, மேல்மண்ணும் பழுப்பு மணற்பாறையும் கலந்து, நாலடிக்குக் குறையாத ஆழத்துக்குப் போடு; அதை அழுத்தாதே; மரத்தை மூச்சுத் திணறச் செய்யாத மென்மையான செடிகளை மட்டும் அடர்த்தியின்றி விதை; சீக்கிரம் வளர்ந்து மண்ணைத் தயார் செய்யும் மரங்களையும், நெடுநாள் நின்று பலன் தரும் மரங்களையும் கலந்து நடு; நடுவதை முறையாக நடு. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மலைச்சரிவின் உட்பகுதியை உறுதியாகக் கட்டிக்கொள்ளலாம், மேல் நாலடி மட்டும் தளர்ந்திருந்தால் போதும் என்று விளங்கியதும், பழைய சட்டமே இதற்கு இடம் தந்தது. புல்டோசர் ஓட்டும் நேரம் குறைந்ததால் கம்பெனிக்கும் செலவு மிச்சம். தளர்ந்த நிலம் மழையை உள்ளே வாங்கிக்கொண்டதால் அரிப்பும் அஞ்சியபடி நேரவில்லை.

கஷ்டமாக இருந்தது கண்ணை மாற்றுவதுதான். பாட்ரிக் ஏஞ்சல் என்பவர் சட்டம் வந்த புதிதில் கென்டக்கியில் சுரங்க ஆய்வாளராக இருந்தவர். நிலத்தை வழவழப்பாக்கச் சொன்னவர்களுள் தாமும் ஒருவர் என்பதைப் பிற்காலத்தில் மேடைகளில் ஒளிக்காமல் சொல்லி, அதே நிலங்களைப் பிளந்து மரம் நடும் வேலைக்குத் தம் வாழ்நாளின் பிற்பாதியை ஒப்படைத்தார். தாம் கையெழுத்திட்ட காரியம் தவறென்று ஓர் உத்தியோகஸ்தர் பகிரங்கமாக ஏற்பது எந்த நாட்டிலும் அபூர்வம். அந்த ஒப்புதலுக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

புதிய சுரங்கங்களுக்கு இது வழி. ஆனால் முன்பே அழுத்தப்பட்டுப் புல் மூடிக்கிடக்கும் லட்சக்கணக்கான ஏக்கர்களை என்ன செய்வது? அதற்கு உழவுதான் மருந்து. 2009 முதல் இயங்கி வரும் 'கிரீன் ஃபாரஸ்ட்ஸ் வொர்க்' என்ற தர்ம ஸ்தாபனம் இதைத் தொழிலாகவே செய்கிறது. முதலில் புல்லையும் முட்புதர்களையும் அகற்றுகிறார்கள். பிறகு, பெரிய புல்டோசரின் பின்புறத்தில் ஆள் நெஞ்சளவு நீளமுள்ள எஃகுக் கொழுவை மாட்டி, மூன்று நாலடி ஆழத்துக்கு நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். எந்த இயந்திரம் அந்த நிலத்தை முன்பு நசுக்கியதோ அதுவே இப்போது ஏராகிறது. பாறைத் துண்டுகள் தெறித்து மேலே புரள, சாலுக்குச் சால் எட்டடி விட்டு நிலம் முழுவதும் கிழித்தபின், அதற்குக் குறுக்கே மறுபடியும் எட்டடிக்கு ஒன்றாகக் குறுக்கு உழவு. இரண்டு சாலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கன்று. கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 680 கன்றுகள் வரும்.

மேற்கு வர்ஜீனியாவில் மனோங்கஹேலா தேசிய வனத்தின் உயர்ந்த மேடுகளில், ஒரு காலத்தில் செந்நிற ஸ்புரூஸ் மரங்கள் இருண்டு நின்றன. மரவியாபாரிகள் அவற்றை வெட்டிச் சென்றார்கள், பிறகு கரிக்காரர்கள் வந்தார்கள், பிறகு புல். இப்போது அந்த நிலத்தை இவ்விதம் கிழித்து, மழைநீர் தேங்கச் சிறு சிறு குட்டைகளையும் வெட்டி, ஸ்புரூஸ் கன்றுகளை மறுபடியும் நட்டு வருகிறார்கள். பென்சில்வேனியாவில் ஷாங்ஸ்வில் அருகே உள்ள இடம் இன்னும் மனத்தை உருக்குவது. 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி, கடத்தப்பட்ட விமானம் ஒன்று, அதிலிருந்த 40 பிரயாணிகளும் சிப்பந்திகளும் எதிர்த்துப் போராட, ஒரு வெட்டவெளியில் விழுந்து நொறுங்கியதே, அந்த வெட்டவெளி ஒரு பழைய திறந்தவெளிச் சுரங்கம். அவர்களின் நினைவிடத்தைச் சுற்றிலும் 2012 முதல் தொண்டர்கள் கூடி மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள்.

அந்த மலைகளின் ஜனங்களுக்கு எல்லா மரங்களினும் பிரியமானது அமெரிக்க செஸ்ட்நட். அதன் கொட்டையைத் தின்று பன்றிகள் கொழுத்தன. ஏழைக் குடும்பங்கள் அதைப் பொறுக்கி விற்றுக் குழந்தைகளுக்குச் செருப்பு வாங்கின. தொட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் அதன் பலகையே ஆயிற்று. 1904-ல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய், ஐம்பது வருஷங்களுக்குள் சுமார் 400 கோடி மரங்களைக் கொன்றது. வேர் மட்டும் இன்னும் சாகாமல் துளிர் விடும். துளிர் மரமாகுமுன் நோய் வந்து பட்டுப்போகும். நோயைத் தாங்கும் சீன இனத்தோடு கலந்து, திரும்பத் திரும்ப அமெரிக்க இனத்தோடே சேர்த்து உருவாக்கிய கன்றுகளை, உழுது தளர்த்திய சுரங்க நிலங்களில் நட்டுப் பார்க்கிறார்கள். நீர் தங்காத, சற்றுப் புளிப்பான, தளர்ந்த மண்ணே செஸ்ட்நட்டுக்கு உகந்தது. பழுப்பு மணற்பாறை மண் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. சில கன்றுகள் நோய்க்குப் பலியாகும் என்று தெரிந்தேதான் நடுகிறார்கள்.

இதனால் சுரங்கம் செய்த கேடெல்லாம் தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. வெடித்துத் தள்ளிய பாறையின் கீழே புதைந்த ஓடைகள் திரும்ப வரமாட்டா. காட்டின் அடித்தளத்தில் வளர்ந்த பூண்டுகளும் கிழங்குகளும் ஒரு மனித ஆயுளுக்குள் முன்போல் வந்து சேரா. 'பின்னால் மரம் நட்டுவிடலாமே' என்பதை, புதிதாக ஒரு மலையை உடைப்பதற்குச் சமாதானமாகச் சொன்னால், அதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் ஏற்கெனவே உடைத்தாயிற்று. உடைந்த மலை அங்கே கிடக்கிறது. அதற்கு நாம் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு.

இந்தப் பாடம் அப்பலாச்சியாவுக்கு மாத்திரம் உரியதன்று. ஜெர்மனி தேசத்தில், ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொண்டு 1978 முதல் எழுப்பிய சோஃபியன்ஹோஹே என்ற செயற்கை மலை, சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 200 மீட்டர் உயர்ந்து, மரங்கள் மூடிக் காட்சி தருகிறது. அங்கேயும், வண்டல் மண்ணும் சரளையும் கலந்த ஒரு கலவையைப் பல அடி ஆழத்துக்குத் தளர்வாகக் கொட்டியே காடு வளர்த்தார்கள். நம் நெய்வேலியில், 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள் பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, 1956-ல் அதற்கென ஒரு பொதுத்துறை நிறுவனமும் ஏற்பட்டபின், தோண்டிக் குவித்த மண்மேடுகளிலும் மரங்கள் நடப்பட்டுள்ளன. விருத்தாசலம் சாலையில் போகும்போது அந்த மேடுகளைக் காணும் வாசகர்கள், எத்தனை லட்சம் கன்று என்ற விளம்பரக் கணக்கோடு நின்றுவிடாமல், மேலே போட்ட மண் எந்த அடுக்கிலிருந்து வந்தது, எத்தனை அடி ஆழத்துக்குத் தளர்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

அப்பலாச்சியாவில் நடவுக் காலம் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கன்றுகள் உறக்கத்தில், இலையின்றிக் குச்சிகளாக இருக்கும். நாற்றங்காலிலிருந்து மண் உதிர்த்துப் பறித்து, ஈரம் காயாதபடி கட்டுக்கட்டாகப் பைகளில் வரும். மெக்சிகோ முதலிய தேசங்களிலிருந்து அந்தப் பருவத்துக்கென்றே கூலிக்கு வரும் ஆட்கள், தோளில் பையும் கையில் தட்டை அலகுள்ள நடவுக் கடப்பாரையுமாக, புரண்டு கிடக்கும் பாறைகளின்மேல் கால் தடுமாறி வரிசையாக நடக்கிறார்கள். உழுசால் கூடும் இடத்தில் கடப்பாரையைக் குத்தி முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு பிளவு திறக்கிறது. கன்றை அதில் சற்று ஆழமாகவே இறக்கி, வேர் மேல்நோக்கி மடங்காதபடி ஓர் அங்குலம் மேலே இழுத்து, குதிகாலால் மண்ணை மிதித்து மூடுகிறார்கள். அப்புறம் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஒருதரம் இழுத்துப் பார்க்கிறார்கள். கன்று வராமல் பிடித்துக்கொண்டால், எட்டடி நடந்து அடுத்த சாலுக்குப் போகிறார்கள்.